மூன்று டிகிரி

14.8.94, ஞாயிறு

டாக்டரின் குட்டி விமானத்துக்கு இன்று புரொப்பெல்லர் பிளேடுகளின் சாய்வைக் கூட்டினேன். சாய்வு கூடினால் மேலே போனபின் வேகம் கிடைக்கும். ஆனால் தரையை விட்டு எழும்ப நேரமாகும். மேரு ஊர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் பறக்கும் கிளப்பின் ஓடுபாதையோ குட்டை. அது முடிகிற இடத்தில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டம்.

"மூணு டிகிரி கூட்டு லா" என்றார்.

"வேணாம் டாக்டர், பாதை பத்தாது."

"நீ மெக்கானிக்கா, பைலட்டா?"

இரண்டு மட்டும் கூட்டி போல்ட்டுகளை முடுக்கினேன். மூன்று என்று அவரிடம் பொய் சொன்னேன்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பினார். பாதை முடியும்வரை விமானம் எழவில்லை. செம்பனை மட்டைகளை உரசாத குறையாகத்தான் தப்பியது.

இறங்கியதும் தானே பிளேடில் கோணமானியை வைத்துப் பார்த்தார். இரண்டு டிகிரிதான் கூடியிருந்தது.

"சொன்ன வேலையக்கூட ஒழுங்கா செய்யத் தெரியல. அதான் ஏற மாட்டேங்குது! பத்துமலை முருகன்தான் என்னைக் காப்பாத்துனாரு" என்று கிளப்பில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்.

பொய் சொன்னவன் என்ன பேசுவது? மூன்று வைத்திருந்தால் முருகனே தோட்டத்துக்குள் இறங்கித் தேடியிருக்க வேண்டும். அது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் பக்கத்தில் நின்று பார்ப்பாராம், நான் மூன்று வைக்க வேண்டுமாம். எலுமிச்சம்பழத்தையும் என்னையே வாங்கிவரச் சொல்லிவிட்டார்.