பஞ்சாலையின் மெடல்

லோபாக், சிரம்பான்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகமாகவே இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை நவீனாவும் அபர்தீன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க நம் எஸ்டேட் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இத்தனை வருடமும் உனக்கு இங்கிலீஷில்தான் எழுதினேன், இன்று தமிழில் எழுதுகிறேன், காரணம் பின்னால் வரும். கல்யாணத்துக்குப் பிறகு உன் அப்பாவிடம் எழுதக் கற்ற தமிழ்தான், ஆனாலும் மூன்று முறை திருத்தியிருக்கிறேன், பிழை இருக்காது. இங்கே கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஆறுமுகத்தைக் கூப்பிட்டேன். ஏறிப் பார்த்துவிட்டு, "ஓட்டை எங்கன்னே தெரியல லா அம்மா, மழை வந்தா கூப்பிடுங்க" என்று போனான். மழை வந்ததும் கூப்பிட்டால், மழையில எப்படி ஏறுறது என்கிறான். வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

போன வாரம் போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. நவீனா பள்ளியில் சேர்ந்து ஐந்து மாதமாகியும் வாய் திறக்கவில்லை, இடைவேளையில் சுவரோரமாக நிற்கிறாள் என்று டீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறாள் என்றாய். அதனால் இனி வீட்டில் தமிழே கூடாது, ஒரு தமிழ் வார்த்தைக்கு ஒரு கறுப்புப் புள்ளி, பிரிட்ஜ் கதவில் அட்டை ஒட்டப் போகிறேன் என்றாய். நீங்கள் என்னை அப்படித்தானே வளர்த்தீர்கள், நான் நன்றாகத்தானே வந்திருக்கிறேன் என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அது பொய், அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

நான் படித்த கான்வென்டில் தமிழ் பேசி மாட்டிக்கொண்டவள் கழுத்தில் ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் தமிழ் பேசி மாட்டுகிறாளோ அவள் கழுத்துக்கு அது போகும். அதை மாற்றிவிட ஆள் தேடிக் காதைத் தீட்டிக்கொண்டு அலைவோம். என் இங்கிலீஷ் அதனால்தான் வந்தது என்று நம்பினேன். உனக்கு ஏழு வயதானபோது இங்கிலீஷ் பள்ளிகளெல்லாம் மலாய்க்கு மாறியிருந்தன. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தர்மராஜின் மகள் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளைப் போலப் பேசக் கூடாது, வீட்டிலாவது இங்கிலீஷ் இருக்கட்டும் என்று தச்சரிடம் சொல்லி ரப்பர் மரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டை செய்து கறுப்பு பெயின்ட் அடித்து உன் கழுத்தில் மாட்டினேன். நான் யோசிக்காதது ஒன்று. கான்வென்டில் ஒரு வகுப்புக்கு நாற்பது பேர் இருந்தோம். நம் வீட்டில் நீ ஒருத்தி. அதை மாற்றிவிட உனக்கு ஆளே இல்லை.

உன் அப்பாவுக்கு அது புரிந்தது. ஆபீசிலிருந்து வந்ததும் வேண்டுமென்றே, "இன்னிக்கு என்னா கொழம்பு?" என்று தமிழில் கேட்டுவிட்டு, "ஐயோ, மாட்டிக்கிட்டேனே, குடும்மா அந்தக் கட்டைய" என்று உன் முன்னால் குனிந்து கழுத்தை நீட்டினார். பெரியவர்கள் சேர்த்தி இல்லை என்று நான் அந்த இடத்திலேயே சட்டம் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். நீ அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். மறுவாரம் கட்டை காணாமல் போனது. எங்கே என்று எத்தனை முறை கேட்டும் நீ பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதம் எந்த மொழியிலும் நீ பேசவில்லை. ரிப்போர்ட் கார்டில் அமைதியான பிள்ளை என்று டீச்சர் மலாயில் எழுதியிருந்தாள். மானேஜர் மனைவி எவ்வளவு அடக்கமான குழந்தை என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது லோகா, அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் எஸ்டேட் கோவில் திருவிழாவுக்குப் போனேன். லயங்களை இடித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள், ஆனால் திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் டவுனிலிருந்து வந்துவிடுகிறார்கள். பந்தலில் ஏழெட்டுப் பிள்ளைகள் சேலையைப் பிடித்துக்கொண்டிருக்க ஒருத்தி என்னிடம் வந்து, "கிராணியம்மா, அடையாளம் தெரியுதா? பால்மரம் வெட்டுன அர்ச்சுனன் மக பஞ்சாலை லா" என்றாள். இப்போது கோலா பிலாவில் ஒரு பாலர் பள்ளியில் ஆயாவாக இருக்கிறாளாம். பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அதில் அந்தக் கட்டை. பெயின்ட் உதிர்ந்து மரம் வெளுத்திருந்தது. "இது லோகா எனக்குக் குடுத்த மெடல்மா. நீதான் எப்பவும் தமிழ் பேசுற, இது உனக்குன்னு செம்பருத்தி வேலி வழியா குடுத்துச்சு. ஸ்கூல்ல எனக்கு ஒரு பரிசும் கெடச்சதில்ல, இது ஒன்னுதான்" என்றாள். லோகா அப்போது பேசவே மாட்டாளே என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். "யாரு, லோகாவா? தெனம் சாயங்காலம் வேலிகிட்ட வந்து வாய் மூடாது! என் தமிழ் புஸ்தகத்த வெச்சி அதுக்கு எழுத்தெல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன். தப்பா படிச்சா தலையில குட்டுகூட வெச்சிருக்கேன்மா, கோவிச்சுக்காதீங்க."

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று நாற்பது வருடம் கழித்து இன்னொருத்தி சொல்லி எனக்குத் தெரிந்தது. "லோகா மகளுக்குக் குடுங்கம்மா, அதுவும் நல்லா பேசட்டும்" என்று கட்டையைக் கழற்றி என் கையில் வைத்தாள். அது என்ன என்று அவளிடம் சொல்லாமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று முதல் ஒரு சத்தம். நீ கூடத்தில் நடக்கும்போது அந்தக் கட்டை சட்டைப் பொத்தானில் பட்டு டொக் டொக்கென்று கேட்கும், நினைவிருக்கிறதா? மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தால் அது கேட்கிறது, நடந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறது. கூரைதான் ஒழுகுகிறது என்று நினைத்தேன். வெயில் கொளுத்தும் நாளிலும் கேட்கிறது.

அதனால் அந்த அட்டையை ஒட்டாதே, ஒட்டியிருந்தால் இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துப் போடு. உன்னைப் பேச வைத்தது என் சட்டம் இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை. நவீனாவுக்கும் அப்படி ஒருத்தி வேண்டும். அவள் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையை வாரம் ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடு. வீடு துடைக்காமல் கிடந்தாலும் பரவாயில்லை, இதை நானே சொல்கிறேன் பார். அவர்கள் என்ன மொழியில் விளையாடுகிறார்கள் என்று எட்டிப் பார்க்காதே. மாப்பிள்ளை அவளிடம் தமிழ் பேசினால் தடுக்காதே.

கட்டையை உனக்கு அனுப்ப மாட்டேன். இந்த வீட்டுச் சட்டப்படி இன்று அது என்னுடையது, ஐந்து பக்கம் தமிழ் எழுதியிருக்கிறேன். கழுத்தில் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மாற்றிவிட எனக்கும் ஆள் இல்லை.

நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நீண்ட காலம் வாழ அம்மாவின் ஆசிகள். கம்பளிச் சட்டைகளை வெந்நீரில் போடாதே. அடுத்த ஞாயிறு போன் செய்யும்போது ரிசீவரை நவீனா காதில் வை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் போனை வைத்துவிடாதே, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா