போமிக்கு மட்டும் நீ

மொக்போ, தென் கொரியா
நவம்பர் 4, இரவு

அன்புள்ள ஓர்லா டீச்சருக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். முக்கியமாக நம் டியூஷன் சென்டர் முதல்வர் கண்ணில் படவே கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள். அம்மா என் ஃபோனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டாள். போர்வைக்குள் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாளைக்கு சென்டர் செருப்பு அலமாரியில் உங்கள் செருப்புக்குள் இது இருக்கும்.

எங்கள் கொரிய மொழியில் எழுதச் சொன்னது நீங்கள்தான். அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை தாமரைத்தண்டுப் பொரியல் வாங்க, என்னோடு பள்ளியில் படிக்கும் போமியின் அம்மா கடைக்கு வந்திருந்தேன். மாடியில் உங்கள் அறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் போமியின் செருப்பு. உள்ளே நீங்கள் கேட்டீர்கள்: "போமி, நீ சாப்பிட்டியா?"

நீ!

ஒன்றரை வருடமாக என்னை "அரா, நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றுதான் கேட்கிறீர்கள். எட்டாம் வகுப்புப் பெண்ணை எந்தப் பெரியவர் நீங்கள் என்பார்? அதைச் சொல்லிச் சொல்லி வகுப்பில் பெருமையடித்தேன். "டீச்சருக்கு உன்கிட்ட பயம்டி" என்று கிண்டல் செய்தார்கள். அதுகூடப் பிடித்திருந்தது. இப்போது பார்த்தால், விருந்தாளியை வாசலில் நிற்க வைப்பதுபோல என்னை நிற்க வைத்திருக்கிறீர்கள். போமி உள்ளே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்கு 'ரைஸ்' என்று சொல்ல வராது, டீச்சர். 'லைஸ்' என்பாள். சோறு கேட்டால் பேன்தான் கிடைக்கும். அவளுக்கு அங்கே என்ன வேலை?

உங்கள் மாணவி,
அரா

நவம்பர் 6

மதிப்பிற்குரிய அரா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் என் செருப்புக்குள் வந்திருந்தார். மிதித்துவிட்டேன், மன்னியுங்கள். தப்பு இருந்தால் சிவப்பு மையால் திருத்துங்கள்.

நான் வந்த முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். முதல்வர் உள்ளே வந்தார். புத்தகத்தில் படித்ததை நினைத்து, "நீ வந்துட்டியா?" என்று குனிந்து வணங்கினேன். அறையில் எல்லாப் பேனாக்களும் நின்றார்கள். முதல்வர், "வந்துட்டேன், அத்தை" என்றார். அன்றிலிருந்து பயம். எல்லோருக்கும் நீங்கள். கீழ்வீட்டுப் பூனைக்குக்கூட நீங்கள்.

மூன்று வருடமாக நாள் முழுக்க என் மொழியான ஆங்கிலத்தைப் பேசுகிறேன். ஆனால் யாரும் என்னோடு பேசுவதில்லை, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார்கள். 'ஹவ் ஆர் யூ' என்றால் வகுப்பு முழுதும் ஒரே குரலில் 'ஃபைன், தேங்க்யூ'. ஒருநாளாவது ஒருவர் நலமில்லாமல் இருக்கக் கூடாதா என்று தோன்றும். சாயங்காலம் அறைக்குத் திரும்பினால், வாயைத் திறக்கவே காரணம் இல்லை. அயர்லாந்தில், எங்கள் ஊர் கால்வேயில், மழையைப் பற்றியாவது யாராவது திட்டிக்கொண்டிருப்பார்கள்.

போமியின் அம்மாதான் ஒருநாள் முள்ளங்கி ஊறுகாய்க் கிம்சியோடு மேலே வந்தார். "இப்படி எலி மாதிரி கொறிச்சா எப்படிம்மா? கைல எடுத்துக் கடி" என்றார். "ஒரே தட்டுல சாப்பிட்டாச்சு. இனிமே என் பொண்ண நீன்னு கூப்பிடணும்" என்று கட்டளையும் போட்டார். செவ்வாய்க்கிழமைகளில் போமி என்னோடு கதைப்புத்தகம் படிக்கிறார். பணம் இல்லை, கிம்சி மட்டும்.

ஆனால் என் விசாப்படி சென்டருக்கு வெளியே யாருக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கக் கூடாது. கிம்சியும் கூலிதான் என்பார்கள். தெரிந்தால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு இங்கே இருக்கவேண்டும், அரா. உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு நீ சொல்லாதது தூரத்தால் அல்ல. வகுப்பில் மிகக் கெட்டிக்காரர் நீங்கள். உங்கள் முன் தப்புச் செய்ய வெட்கம்.

அன்புடன்,
ஓர்லா

நவம்பர் 7, இரவு

டீச்சர்,

இதையும் யாருக்கும் காட்டாதீர்கள். அம்மா பக்கத்து அறையில் இன்னும் தூங்கவில்லை. விளக்கைக் குறைத்து வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். விசா பற்றி எழுதியிருந்தது கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை. 'ஒரே தட்டு' என்பதுதான் ஏறியது.

ராத்திரி சாப்பாட்டில் அம்மா, "அந்தப் பொரியல் கடைக்காரி மக இங்கிலீஷ்ல உன்னத் தாண்டிட்டாளாமே? எந்த சென்டருக்குப் போறாளாம்?" என்று கேட்டாள்.

"எந்த சென்டரும் இல்ல. ஓர்லா டீச்சர் ரூமுக்கு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அம்மா சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள். "நான் மாசாமாசம் கொட்டி அழுவேன், அவளுக்குச் சும்மாவா?" என்று எழுந்துபோய் முதல்வருக்கு ஃபோன் போட்டாள். முதல்வர் உடனே புகார் கொடுத்துவிட்டாராம்; நாளைக் காலை குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறாராம். என்னைத்தான் கேட்பாராம். "பாத்தத சொல்லு. எதுக்கு முழிக்கிற?" என்கிறாள் அம்மா.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஃபோன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. நீங்கள் போய்விட்டால் போமிக்கும் நீங்கள் இல்லை. அப்போது நாங்கள் இருவரும் சமம். அந்த நினைப்பு நன்றாக இருந்தது, டீச்சர். கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு உங்கள் வகுப்பறையில் வேறு யாரோ நிற்பதுபோல நினைத்துப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

இனி கவனமாகப் படியுங்கள். விடிகாலையில் இதை உங்கள் கதவுக்கடியில் தள்ளிவிடுவேன். கதைப்புத்தகங்களை உடனே கீழே கடையில் கொடுத்துவிடுங்கள். யாராவது கேட்டால், போமி கிம்சி கொடுக்க வந்தாள், கொடுத்தாள், போனாள் என்று சொல்லுங்கள். போமியின் அம்மாவையும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள்.

வருகிறவரிடம் நான் எதையும் பார்க்கவில்லை என்பேன். போமி இங்கிலீஷில் என்னை முந்தியது தாங்காமல், பொறாமையில் இட்டுக்கட்டினேன் என்பேன். நம்புவார்கள். நான் எப்படிப்பட்டவள் என்று வகுப்புக்கே தெரியும். அம்மா அடிப்பாள், சென்டரில் பொய்க்காரி என்பார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுவேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவும் செய்வதற்காக, என்னைப் போமியைவிடக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் கூடுதலாக

அம்மா கதவைத் தட்டுகி