நானே சொல்லியிருக்க வேண்டிய சாவு

அத்-பாஷி,
மார்ச் 9

அன்புள்ள கனிஷாய்க்கு,

எழுத்தைப் பார்த்ததுமே யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும், கிழித்துப் போடாமல் படி. இங்கே நானும், நீ அண்ணன் என்று கூப்பிடும் உன் தகப்பனும், குட்டி போட்டதும் போடாததுமாகப் பதினேழு ஆடுகளும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதுவது அதைத்தானே. அங்கே மாஸ்கோவில் உனக்கு இருமல் விட்டதா, அந்தக் கிடங்கில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாயே, காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொள்கிறாயா என்று கேட்கலாம் என்றால் ஏழு வாரமாக நீ போனை எடுப்பதில்லை. கோடி வீட்டு சாய்ரா வெள்ளிக்கிழமை அங்கே வர விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கொஞ்சம் குருத் தயிர்க்கட்டியும் வைத்திருக்கிறேன், புளிப்பு கூடிவிட்டது, வெயிலில் காயவைக்க இந்த வருஷம் வெயிலே இல்லை. எனக்கு உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லை. ஆடுகள் வரிசையாகக் குட்டி போடுகின்றன, இடுப்பு விட்டுப்போகிறது, நேற்று அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், இறக்கி வைக்கத் தோன்றவில்லை. உன் தகப்பன்தான் வந்து இறக்கினார்.

நாற்பதாம் நாள் முடிந்தது. எல்லோரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், உன் அத்தாவை, என் மாமனாரைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்தார்கள். துக்க வீட்டில் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாட்டுக்கு என் கைதான் பழக்கம், வேறு யார் கறந்தாலும் உதைக்கும், நான் காய்ச்சலில் கிடந்தபோது அவர் என் முக்காட்டையும் பாவாடையையும் எடுத்துக் கட்டிக்கொண்டு குரலை மெலிதாக்கிப் பேசிக்கொண்டே கறந்தாரே, அதைப் பக்கத்து வீட்டார் நடித்தே காட்டினார்கள். நீ முதல் வகுப்பில் அவர் கையை விடமாட்டேன் என்று அழுததால் ஒரு வாரம் உன்னோடு பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தார், டீச்சர் அவருக்கும் ஒரு நோட்டுக் கொடுத்தாள், நீ திருத்த வேண்டும் என்பதற்காகவே கோணலும் மாணலுமாக எழுதி இரண்டு மார்க் வாங்கிவந்து, "பாத்தியா மருமகளே, ஃபெயிலாயிட்டேன், அடுத்த வருசமும் போகணும்" என்று பெருமையாகக் காட்டினார். உனக்குச் சடை பின்ன வேண்டும், அவர் மனைவி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, என்னிடம் கேட்க ரோஷம், கொட்டிலுக்குள் போய் நம் பழுப்புக் குதிரையின் வாலில் பின்னிப் பின்னிப் பழகினார். அந்தக் குதிரை ஒரு குளிர்காலம் முழுக்க ஏழு சடையோடு திரிந்தது. சந்தையில் கேட்டவர்களிடம், "அதுக்குக் கல்யாணம் வருது" என்றாராம். ஆட்டு முட்டெலும்பை எறிந்து ஆடும் விளையாட்டில் உன்னிடம் வேண்டுமென்றே தோற்றுத் தோற்று உன்னைக் கெடுத்து வைத்தார், பள்ளிக்கூடத்தில் தோற்றதும் நீ ஒரு பெண்ணின் காதைக் கடித்தாய், சமாதானம் பேசப் போனவள் நான்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது நீ நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது நடந்தது. மூத்த பிள்ளை தாத்தாவுக்கு என்பது எனக்கும் தெரிந்த வழக்கம்தான், ஆனால் பாட்டி இல்லாத வீட்டில் எப்படிக் கேட்பார் என்று தைரியமாக இருந்தேன். தாடியைச் சீவி, நல்ல தொப்பி போட்டு வந்து நின்றார். "இது என்னோடது, அடுத்தது உன்னோடது" என்றார், தூக்கிக்கொண்டு எதிரே இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டார். முற்றத்தின் அகலம்தான் தூரம். நான் புதுப்பெண், அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூடாது, பெயரைச் சொல்லக்கூடாது, இப்போதும் எழுத வரவில்லை. அடுத்தது என்று ஒன்று எனக்கு வரவில்லை. ஒரு நாளைக்கு ஆறு தரம் உன்னைப் பால் குடிக்கத் தூக்கி வருவார், என் மடியில் போட்டுவிட்டு வெளியே சுவர் பக்கம் திரும்பி நின்று, எனக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று குதிரை மாதிரி கனைத்துக்கொண்டே இருப்பார். நீ குடித்து முடித்ததும் நான் கதவைத் தட்ட வேண்டும். சில நாள் நான் தட்டத் தாமதிப்பேன். பாவம், தொண்டை கட்டும்வரை கனைப்பார், உள்ளே வரமாட்டார். அவரை வெறுக்கலாம் என்று எவ்வளவோ முயன்று பார்த்திருக்கிறேன் கனிஷாய், இப்படி ஒரு மனுஷனை எப்படி வெறுப்பது. நீ பேசத் தொடங்கி அவரை அத்தா என்றாய், என்னை அண்ணி என்றாய். வழக்கப்படி அது சரி.

இப்போது ஜனவரிக்கு வருகிறேன். சாவை நாம் போனில் சொல்வதில்லை, மூன்று பெரியவர்கள் நேரில் போய், உட்காரவைத்து, சாப்பிடவைத்து, சுற்றி வளைத்து மெல்லச் சொல்ல வேண்டும். உன் தகப்பன் அன்றே மாஸ்கோவில் இருக்கும் நம் ஷாமுரத் பெரியவருக்குச் சொன்னார். அவருக்கு இரண்டு துணை சேர வேண்டும், ஒருவருக்கு லீவு இல்லை, இன்னொருவருக்கு முட்டி வலி, ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு வந்தது, கடைசியில் மூன்று பேரும் ரொட்டியும் கறியும் கட்டிக்கொண்டு போனது நீ காலி செய்துவிட்ட பழைய விடுதிக்கு. அதுவரை ஊரே வாயைப் பூட்டிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் நீ கூப்பிட்டு அத்தாவிடம் கொடு என்றாய். குளிர்கால மேய்ச்சலுக்குப் போயிருக்கிறார், அங்கே சிக்னல் இல்லை என்றேன். "இந்தக் குளிர்ல அவர யாரு விட்டது, நீங்க அங்க என்னதான் அண்ணி பண்றீங்க" என்று திட்டினாய். அவருடைய ஆட்டுத்தோல் கோட்டை யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னாய். அனுப்புகிறேன் என்றேன். கோட்டை முந்தின நாள்தான் உடம்பைக் கழுவியவர்களுக்குக் கொடுத்திருந்தோம். பன்னிரண்டாம் நாள், உன்னோடு படித்தவள் ஒருத்தி அவருக்குச் சொர்க்கம் கிடைக்கட்டும் என்று உன் போனுக்கு அனுப்பிவிட்டாள், நீ கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி அதைப் படித்தாய். அன்று கூப்பிட்டு, "உங்களுக்கும் எனக்கும் நடுவுல இருந்தவரு போயிட்டாரு, இனிமே என்னக் கூப்பிடாதீங்க, வருச விருந்துக்கும் நான் வரல" என்றாய்.

அன்றிலிருந்து உன் தகப்பனையும் ஷாமுரத் பெரியவரையும் ஊர்க்காரர் எல்லோரிடமும் போனில் நீ திட்டித் தீர்ப்பதாகக் கேள்வி. அவர்களைத் திட்டாதே, அதற்காகத்தான் எழுதுகிறேன். கடைசி நாள் காலையில் உன் அத்தா உன் தகப்பனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அவளுக்கு நீயே சொல்லு மருமகளே. மூணு கிழவங்கள அனுப்பிப் புள்ளயப் பயமுறுத்தாத. அன்னிக்கு ஒன்னக் கேக்காமத் தூக்கிட்டுப் போனேன், இப்பத் திருப்பிக் குடுக்கறேன்" என்றார். அந்த மூச்சிரைப்பிலும் சந்தைக்காரன் மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு, "பல்லு நல்லாருக்கு, காலு நல்லாருக்கு, கோவம் வந்தா மட்டும் ஒதைக்கும், விக்கிறவன் கொறையச் சொல்லிடணும்ல" என்றார். பிறகு சிரிக்காமல், "என் மேல மனக்குறை இல்லையே" என்று கேட்டார். இல்லை என்றேன். இருபத்தாறு வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் போனதும் போனைக் கையில் எடுத்தேன். உன் பெயர் வரைக்கும் வந்தேன். அம்மாவாக நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, முதல் வார்த்தையே இதுவாக இருக்க வேண்டுமா என்று பயந்துவிட்டேன், நீங்கள் யார் இதைச் சொல்ல என்று கேட்டுவிடுவாயோ என்றும் பயந்தேன். அதற்குள் உன் தகப்பன் பெரியவர்களை அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்புங்கள், அதுதான் முறை என்றேன். உன் அத்தா என்னிடம் சொல்லிப்போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், தப்பு என்னுடையது, திட்டுவதானால் என்னைத் திட்டு.

ஆகவே இப்போது சொல்கிறேன். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார். கனிஷாய், உன் அத்தா ஜனவரி எட்டாம் தேதி, வியாழக்கிழமை, மத்தியானம் இறந்துபோனார். நுரையீரலில் சளி, மூன்று நாள்தான் படுத்தார். கஷ்டப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஒரு மணி நேரம் மூச்சுக்குத் திண்டாடினார். கை என் கையில் இருந்தது. கண்ணை மூடியபடியே உன் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார். நான் உன் குரலை வரவழைத்துக்கொண்டு, "இங்கதான் இருக்கேன் அத்தா" என்றேன். அவர் என் விரலை அழுத்தினார். ஏமாந்தாரா, ஏமாந்த மாதிரி நடித்தாரா, தெரியவில்லை, விளையாட்டில் அவரை நம்ப முடியாது. மேற்கே மேட்டில், அவர் தம்பிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அழு மகளே, அங்கே யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், உன் தலை நோகாமல் இருக்கட்டும், அவருடைய ஆயுசும் உனக்கே சேரட்டும். இருமலுக்கு ஆட்டுக் கொழுப்பைப் பாலில் கலந்து சூடாகக் குடி. வருஷ விருந்து அடுத்த ஜனவரியில்தான், அதற்குக் காத்திருக்காதே, கோடையில் லீவு கிடைக்கும்போதே வா. வந்து அண்ணி என்றே கூப்பிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
புருல்சா