கொழுந்தனுக்கு வந்த சம்மன்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் தினசரி நினைப்பு.

நேற்று கோர்ட் ஆள் நேராக எங்கள் கிளை ஆபீசுக்கே வந்துவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்குகள் எல்லாரும் வருகைப் பதிவேட்டின் முன்னால் வரிசையில் நிற்கும் நேரம். என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு, சம்மனை நீட்டி, “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றார். அண்ணன் இறந்ததற்கு நீங்கள் முதலாளி மேல் போட்ட நஷ்டஈட்டு வழக்கில் நான் சாட்சியாம். ஏப்ரல் ஒன்பதாம் தேதி வர வேண்டுமாம். பெயரைக் கொடுத்தது உங்கள் வக்கீல். என்னிடம் ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?

அண்ணன் லிஃப்ட் குழிக்குள் இறங்கியபோது நான் தெருமுனைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போலீசிலும் அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். பார்க்காததற்கு என்ன சாட்சி சொல்ல? முதலாளி இப்போதுதான் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார். அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? தயவுசெய்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

உங்கள் அன்புக் கொழுந்தன்

*

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

சூப்பர்வைசர் ஆனதற்கு வாழ்த்து. உன் அண்ணன் பதினாறு வருஷம் கிரீஸும் கையுமாகக் கிடந்தும் எட்டாத நாற்காலி, உனக்கு அவர் போன எட்டு மாதத்தில் கிடைத்திருக்கிறது. உட்கார வசதியாக இருக்கிறதா, சொல்.

போன் செய்யவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் நீ அழுகிறாய், நான் இளகிவிடுகிறேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. முதல் நாளே பக்கத்து மேஜைக்காரி, “குடிச்சிட்டு லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டாரே, அவரு சம்சாரமா நீ?” என்று கேட்டாள். கையிலிருந்த போர்வையை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பாப்பாவையும் பள்ளிக்கூடத்தில் இதையே கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்து, “அப்பா குடிப்பாராம்மா? சித்தப்பாவே போலீஸ்ல சொல்லியிருக்காராமே?” என்கிறாள்.

காலையிலேயே அவர் வாயில் வாடை அடித்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறாய். அன்று காலை அவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்து வாசல் வரை வந்தவள் நான். எனக்கு வராத வாடை உனக்கு எப்படி வந்தது?

பெயரை எடுக்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன் அண்ணி

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நாலு நாளாகக் காய்ச்சல். டாக்டர் சர்டிபிகேட்டைக் கோர்ட்டுக்கு அனுப்பிப் பார்த்தேன். ‘வராவிட்டால் வாரண்ட்’ என்று பதில் வந்திருக்கிறது.

முதலாளியின் வக்கீல் என்னை எதிரே உட்கார வைத்து, பரீட்சைக்குத் தயார் செய்வதுபோலச் சொல்லிக் கொடுக்கிறார். “எதைக் கேட்டாலும் ஞாபகம் இல்லைன்னு சொல்லு, போதும்.” அதைச் சொல்வதற்குக்கூட எனக்கு நாக்குப் புரளவில்லை.

ஆறு வருஷம் உங்கள் வீட்டுச் சோறு தின்றவன் நான். அண்ணன் கோபித்துக்கொண்டபோதெல்லாம் எனக்காகப் பரிந்து பேசியது நீங்கள்தான். இப்போது நீங்களே என்னைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். நேராகவே கேட்கிறேன் அண்ணி. முதலாளியைப் பழிவாங்குகிறீர்களா, என்னையா?

உங்கள் கொழுந்தன்

*

மார்ச் 27

தம்பிக்கு,

நேராகக் கேட்டாய், நேராகவே சொல்கிறேன். இரண்டு பேரையும்தான்.

போன மாதம் அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் என்னைத் தேடி வந்தார். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். “தம்பி கடையில இல்லம்மா. மொட்டை மாடியில மெஷின் ரூம்ல இருந்துச்சு. சத்தம் கேட்டதும் படியில ஓடி வந்துச்சு. கையில ‘ஆள் வேலை செய்கிறார்’னு எழுதின பலகை இருந்துச்சு. மெயின் சுவிட்சுல தொங்குமே, அந்தப் பலகை.”

என் வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். “இந்த ஆள் ஒருத்தர் போதுமே, கொழுந்தன் எதுக்கு?” என்றார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. உன் அண்ணனைக் குடிகாரர் என்றது உன் வாய். இல்லை என்று சொல்வதும் அதே வாயாக இருக்க வேண்டும்.

ஒன்பதாம் தேதி நீ ‘ஞாபகம் இல்லை’ என்று சொல்லிப் பார். உனக்கு அடுத்த சாட்சி வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்.

அண்ணி

*

ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

கோர்ட்டுக்குப் பிறகு உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. நீங்கள் முன் வரிசையில் கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களைப் பார்த்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி போனில், “உங்கண்ணன் வெளிய வந்துட்டான், ஃப்ளாட்காரங்க கத்துறாங்க, சீக்கிரம் சுவிட்சைப் போடுடா” என்றார். குழியைப் பார்த்து ஒரு தரம் குரல் கொடுத்தேன், பதில் இல்லை. பலகையைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். மறுநாள் முதலாளி தட்டச்சு செய்த வாக்குமூலத்தோடு வந்து, “போலீஸ்ல இதைக் கொடு. இல்லன்னா நீதான் உள்ள போவ” என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. வேலை போய்விட்டது. போலீஸ் முதலாளி மேலும் என் மேலும் வழக்குப் போட்டிருக்கிறது. உங்களையும் சாட்சியாகக் கூப்பிடுவார்களாம். “அண்ணி நல்லதா ஒரு வார்த்தை சொன்னா தண்டனை குறையும்” என்கிறார் என் வக்கீல். சொல்வீர்களா அண்ணி? உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் பிள்ளை மாதிரி
கொழுந்தன்

*

ஜூன் 11

தம்பிக்கு,

உன் முதலாளியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியதை வேலைக்குப் போகும் வழியில் பார்த்தேன். பஸ்ஸைத் தவறவிட்டு, ஜீப் திருப்பத்தில் மறையும் வரை நின்று பார்த்தேன்.

நீ கூண்டில் அழுதபோது எனக்குப் பரிதாபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழட்டும் என்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து பாப்பாவை உட்கார வைத்து, நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். “அப்போ அப்பா குடிக்கலை” என்றாள். அவ்வளவுதான்.

எனக்கும் சம்மன் வந்துவிட்டது. வருவேன். நீ கேட்ட நல்ல வார்த்தையைச் சொல்வேன். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தான் என்பேன். சுவிட்சைப் போட்டது அவசரத்தில் கை செய்த தப்பு, அன்றைக்கே என்னிடம் வந்து சொல்லியிருந்தால் அழுது தீர்த்துவிட்டு மன்னித்திருப்பேன் என்பேன்.

அதோடு நிறுத்த மாட்டேன். மறுநாள் குளித்து, சட்டை மாற்றி, செத்த அண்ணனைக் குடிகாரன் என்று எழுதிய காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான், அது கை செய்த தப்பு இல்லை என்பேன். அதன் பிறகும் மாதம் தவறாமல் வந்து என் கையால் வாங்கிச் சாப்பிட்டான் என்பேன். நீதிபதி போதும் என்று சொல்லும் வரை சொல்வேன்.

இனி எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி