‘மின்தடை’ என்று எழுதி மூடிய சாவு

அனுப்புநர்:
இறந்த தேய்ப்புத் தொழிலாளியின் அண்ணன்,
சலவைத் தொழிலாளர் சங்கப் பேச்சாளன்,
சலவைக்கூடப் பின்தெரு.

பெறுநர்:
தலைமை மின் ஆய்வாளர் அவர்கள்,
மின் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: என் தங்கையின் இறப்பு பற்றிய விசாரணை அறிக்கையில் ‘மின்தடை’ என்னும் சொல்லுக்குத் தவறான பொருள் கொண்டமை – அறிக்கையைத் திருத்தவும், தேய்ப்புப் பெட்டியின் இணைப்பை உடனே துண்டிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

உயிர்களைக் காக்கும் பொறுப்பேற்று அவ்விருக்கையில் அமர்ந்திருப்பவரே! என் தங்கை மின்சாரம் பாய்ந்து இறந்தாள். மின்சாரமே இல்லாத நேரத்தில் இறந்தாள் என்கிறது தங்கள் அலுவலக அறிக்கை. அந்தப் பொய்யைச் சுமந்து நிற்பது ஒரே ஒரு சொல். அச்சொல்லின் மீதே இம்மனு.

1. மருத்துவமனை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் கூடத்தில் அவள் வேலை பார்த்தாள். அவள் மடித்த விரிப்பின் ஓரம் விரலை அறுத்துவிடும் என்று உடன்வேலை செய்யும் பெண்கள் கேலி செய்வார்கள். ‘மடிப்புக்காரி’ என்றால்தான் அங்கு அவளைத் தெரியும். அவளது தேய்ப்புப் பெட்டியின் சூடேற்றும் சுருள் ஒருநாள் அறுந்தது. நிர்வாகம் புதுச் சுருள் வாங்கவில்லை. கருகிய பாதியை வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சிய பாதியையே இழுத்துக் கட்டிக் கொடுத்தது.

“அண்ணே, என் பெட்டிக்குக் காய்ச்சல். வயரெல்லாம் கொதிக்குது” என்று வீட்டில் சிரித்தபடி சொன்னாள். மேற்பார்வையாளரிடமும் முறையிட்டாள். “சூடா இருந்தாத்தானம்மா சுருக்கம் போகும்? ஐஸ் பெட்டியா கேக்குறே?” என்றாராம். அதற்கும் சிரித்துவிட்டு வந்தாள். எதற்கும் சிரிப்பவள் அவள்.

2. கொதித்த மின்வடத்தின் உறை உருகி, உள்ளிருந்த கம்பி பெட்டியின் இரும்புடலைத் தொட்டது. கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பும் நில இணைப்பு அங்கே இல்லை. அவள் கையில் பெட்டி. காலடியில் ஈரத் தரை. பக்கத்து மேசையில் தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் காதில் “அண்ணீ...” என்று பாதிக் குரல் விழுந்தது. மறுபாதி வரவேயில்லை. என் மனைவி ஓடிப்போய்க் கூடத்தின் பொது மின்விசையை அணைத்தாள். கூடம் இருண்டது. பிறகு வந்த தங்கள் அலுவலர்கள் கண்டது அந்த இருட்டை மட்டுமே.

3. விசாரணையின்போது கூடத்து மின்பணியாளர், தங்கள் அலுவலர்களின் கண்முன்னே அந்தப் பெட்டிக்குப் புது வடம் பூட்டி அளந்து காட்டினார். மின்னழுத்தம் 230 வோல்ட். மின்னோட்டம் 10 ஆம்பியர். பெட்டியின் தகட்டில் பொறித்திருப்பதோ 5 ஆம்பியர். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. 46 ஓம் இருக்கவேண்டிய இடத்தில் 23 ஓம். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் கிடைப்பது திறன். 1150 வாட் எரியவேண்டிய பெட்டி 2300 வாட் எரிந்திருக்கிறது. சுருளைப் பாதியாக வெட்டினார்கள், தடை பாதியானது, ஓட்டம் இருமடங்கானது, வடத்தில் எழுந்த வெப்பமோ நான்கு மடங்கானது. இதில் மறைபொருள் ஏதுமில்லை, ஐயா. பள்ளிக் கணக்கு.

“மின்தடை கொறஞ்சதுதான் சார் காரணம்” என்றார் அவர். எழுதிக்கொண்டவர் ‘மின்தடையே காரணம்’ என்று சுருக்கினார். சுருளை வெட்டியதுபோல் வாக்கியத்தையும் வெட்டிவிட்டார்கள். அதைப் படித்து அறிக்கை எழுதியவர், ‘நிகழ்வின்போது மின்தடை நிலவியதால் மின்சாரம் பாய வாய்ப்பில்லை, உடல் நலிவால் இறப்பு நேர்ந்தது’ என்று முடித்துவிட்டார்.

4. தெருவிளக்கு அணைந்தாலும் மின்தடை என்கிறோம். ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் கம்பியின் பண்பையும் மின்தடை என்கிறோம். இரண்டும் நம் தமிழே. மேடைதோறும் நான் நாவினிக்க முழங்கிய சொற்களில் இதுவும் ஒன்று. அறிக்கையில் அதைக் கண்டபின், அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

கூடத்தில் விளக்கு அணைந்துவிட்டால் என் தங்கைக்குக் கொண்டாட்டம். “அப்பாடா, காலை நீட்டலாம்டி!” என்று முதலில் தரையில் உட்காருபவள் அவள்தான். அறிக்கை சொல்லும் மின்தடை அந்த நேரத்தில் உண்மையிலேயே வந்திருந்தால், ஐயா, அவள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். இன்று உயிரோடு இருப்பாள்.

5. பெட்டியில் குற்றமில்லை என்று அறிக்கை சொல்லிவிட்டதால், அதே பெட்டி அதே மேசைக்குத் திரும்பிவிட்டது. வடம் புதிது, சுருள் அதே பாதிச் சுருள். அதைப் பிடித்து நிற்பவள் இப்போது என் மனைவி. மறுத்தால் வேறொருத்தியை நிறுத்துவார்கள் என்பதால் நிற்கிறாள். “ஏங்க, புது வயரும் சுடுதுங்க” என்று நேற்று சொன்னாள். அவள் சிரிக்கவில்லை.

ஆகவே, விடுபட்ட ‘குறைந்தது’ என்னும் சொல்லை அறிக்கையில் சேர்த்து, என் தங்கை எதனால் இறந்தாள் என்ற உண்மையை அவளுக்குத் திருப்பித் தாருங்கள். அதற்கு நாளைவரை கூடப் பொறுப்பேன். அந்தப் பெட்டிக்குப் பொறுக்கமாட்டேன். இம்மனுவைக் கையிலிருந்து கீழே வைக்குமுன் ஆணையிடுங்கள்: அந்த மேசைக்கு மின்தடை செய்யுங்கள். இம்முறை அச்சொல்லுக்குப் பொருள் ஒன்றே. இப்போதே செய்யுங்கள்!

இடம்: தங்கள் அலுவலக வாயில்
நாள்: அறிக்கை கைக்கு வந்த மறுநாள், முற்பகல்

தங்கள் ஆணையைக் கையோடு கொண்டுசெல்லக் காத்து நிற்கும்,
(ஒப்பம்)
மடிப்புக்காரியின் அண்ணன்