பரவாயில்லை என்று மட்டும் சொல்லாதே

நவம்பர் 14

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் தம்பி வீட்டுக் குட்டி ஓட்டோவும் சுகம், அப்பாவின் இதயமும் சுகம், ஒரு மான்கூடச் சுடாமல் காட்டிலிருந்து திரும்பியதில் அவர் மானம்தான் கொஞ்சம் சுகமில்லாமல் கிடக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும், அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் வாயைத் திறந்தால் என்ன ஆகிறது என்று போன மாதம்தான் இரண்டு பேரும் பார்த்தோமே. மேல்படிப்புக்கு எந்த ஆஸ்பத்திரி முதலில் வேண்டும், எது அடுத்தது என்று நீ வரிசை போட்டுக் கொடுக்கிற பட்டியலைப் பூட்டிவிடும் நாள் வருகிற புதன்கிழமை என்று சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், அதற்குள் இது நீ இருக்கிற டென்வருக்கு வந்து சேராவிட்டால் சும்மா விடமாட்டேன் என்று தபால் ஆபீசில் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

முதலில் சிரிக்கிற சங்கதி. மூன்று வாரத்துக்கு முன்னால் சர்ச் கீழ்த்தளத்தில் நாங்கள் பெண்கள் எல்லோரும் லெஃப்சா ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தோம், வெர்னா பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு மாவை உருட்டிக்கொண்டே பிரிட்டா எப்படி இருக்கா என்று கேட்டாள். குழந்தை வைத்தியத்தில் மூன்று வருஷம் முடிக்கப் போகிறாள், இன்னும் இரண்டு வருஷம் படிக்க வேண்டுமாம் என்று சொல்லி நான் ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான் நடந்தது. வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்து, மனசை விட்டுடாதே லோர்னா, எல்லாருக்கும் முதல் தடவையே ஏறிடுமா என்ன என்றாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று யோசிக்கக்கூட எனக்கு நேரமில்லை, கல்லில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது, நீ ஃபெயிலாகிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டாள் என்பது பின்னால்தான் புரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இல்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். சர்ச்சில் கொடுக்கிற தாளில், ஜெபக் குறிப்புகளில், இடுப்பு ஆபரேஷனுக்கும் காணாமல் போன நாய்க்கும் நடுவில் உன் பெயர், படிப்பில் உள்ள தடைகள் நீங்க என்று! ஊரே உனக்காகக் கண்ணை மூடி ஜெபம் பண்ணியிருக்கிறது. நம் வீட்டு வாசலில் மூன்று ஹாட்டிஷ் வந்து இறங்கியிருக்கிறது, கொத்துக்கறிமேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்டது, சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற அதே பெரிய பாத்திரத்தில். உங்கப்பா இதெல்லாம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மூன்றையும் தின்று தீர்த்துவிட்டு, அன்பா குடுக்கறாங்க, வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும் என்கிறார்.

சிரித்தாயா? சிரித்துவிட்டு இதையும் கேள். தப்பு வெர்னா மேல் இல்லை, அந்தப் பெருமூச்சு என்னுடையது. இந்த ஃபெலோ படிப்பு எதற்கு என்று எனக்கே புரியவில்லை பிரிட்டா. நீதான் ஏற்கெனவே டாக்டர், குழந்தைகள் வார்டில் ராப்பகலாக நிற்கிறாய், ஊசி போடத் தெரியும், நோய் பார்க்கத் தெரியும், அப்புறமும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருஷம் தனியாகப் படிப்பா என்றுதான் எனக்கு இருந்தது. அதுதான் போன மாதம் போனில், எத்தனை வருஷம்தான் படிச்சுக்கிட்டே இருப்ப, உனக்குச் சின்னவன் ஒரு புள்ளையே பெத்துட்டான், அப்பாவுக்கு இதயத்துல அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு, நீ இன்னும் தள்ளித் தள்ளிப் போறியே என்று கொட்டிவிட்டேன். நீ சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நீயோ, சரிம்மா, மினியாப்பொலிஸையே முதல்ல போடறேன், நாலு மணி நேரத்துல வீட்டுக்கு வந்துடலாம், பரவாயில்லைம்மா என்றாய். ஆகஸ்டில் சியாட்டில் ஆஸ்பத்திரியைப் பற்றி நாற்பது நிமிஷம் மூச்சு விடாமல் பேசினவள் நீ, அலாஸ்காவிலிருந்து விமானத்தில் வருகிற குழந்தைகள், சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு இருந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொடுக்கிற அந்த நரைத்த தலை டாக்டர் அம்மா, நம்ம மாதிரி ஊருக்கும்மா என்று நாலு தடவை சொன்னாய். நான் நாலு தடவையும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் ஓட்டோவுக்கு உடம்புக்கு வந்தது. போனில் உனக்குச் சுருக்கமாகச் சொன்னதுதான், நாலு மாதக் குழந்தை, நெஞ்செல்லாம் சளி கட்டி மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. உன் தம்பி நெல்ஸும் கேய்லாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மினியாப்பொலிஸ் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், நான் ஸ்கூல் பஸ் சாவியை மாற்று டிரைவரிடம் கொடுத்துவிட்டு அன்றைக்கே கிளம்பினேன். ஆமாம், நீ முதல் பெயராகப் போடப் போகிற அதே ஆஸ்பத்திரிதான். இரண்டு நாள் மூக்கில் பிராணவாயுக் குழாய், மூன்றாம் நாள் காலை அதை எடுத்துவிட்டார்கள், ஆனால் கால் கட்டைவிரலில் சிவப்பு விளக்கு எரிகிற ஒரு கிளிப் மட்டும் இருந்தது, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் ஒரு பெட்டி, பெட்டியில் ரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டுகிற ஒரு நம்பர். தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று மூன்று, குழந்தை காலை உதைத்தால் எண்பத்தெட்டு, உடனே பெட்டி கூவும், கேய்லா அழுவாள், நர்ஸ் ஓடி வருவாள், மறுபடி தொண்ணூற்று நாலு. நான் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் டாக்டர் வாங் வந்தாள். பக்கத்துச் செயின்ட் பாலில் பிறந்து வளர்ந்தவள், லாவோஸிலிருந்து வந்து குடியேறிய மோங் குடும்பத்துப் பெண், பெயர் மாய், உன் வயசுதான் இருக்கும், பின்னால் நாலைந்து பேர். வெளியே வராந்தாவில் நின்று தங்களுக்குள் பேசிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன், இல்லை, தொட்டிலைச் சுற்றி எங்களோடு நின்றுகொண்டு எல்லாவற்றையும் எங்கள் எதிரிலேயே பேசினார்கள், புரியாத வார்த்தை வந்தால் அந்தப் பெண்ணே நிறுத்தி விளக்கினாள். கடைசியில் கேய்லாவைப் பார்த்து, உங்களுக்கு எது ரொம்பக் கவலையா இருக்கு, அதை முதல்ல சொல்லுங்க என்றாள். கேய்லா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன், உன் அம்மாதானே, அந்த நம்பர்தான் என்றேன். அவள் சிரித்துவிட்டு அந்தக் கிளிப்பைக் கழற்றிப் பெட்டியையும் அணைத்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. நம்பரைப் பாக்காதீங்கம்மா, ஓட்டோவைப் பாருங்க, பால் குடிக்கிறான், உங்களைப் பாத்துச் சிரிக்கிறான், மூச்சு நிதானமா இருக்கு, இதுக்கு மேல அந்தப் பெட்டிக்கு என்ன தெரியும் என்றாள். பார்த்தேன் பிரிட்டா. மூன்று நாளாக அந்த அறையில் இருந்தேன், அப்போதுதான் குழந்தையின் முகத்தையே பார்த்தேன், எருமைக்கன்று மாதிரி கொழுகொழுவென்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கிளம்புமுன் அவளைப் பிடித்துக்கொண்டேன், நீயும் ஃபெலோவா, என் பெண்ணும் அதுக்குத்தான் மனு போட்டிருக்கா, டாக்டருக்குப் படிச்ச அப்புறமும் எதுக்கும்மா இன்னும் ரெண்டு வருஷம் என்று கேட்டேவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சளி வந்த குழந்தைக்கு வைத்தியம் பாக்க மூணு வருஷம் போதும்மா, தேவையில்லாத குழந்தைக்கு இந்தக் கிளிப்பை மாட்டாம இருக்க ஒரு வார்டையே பழக்கணுமே, ஒவ்வொரு குழந்தையா எண்ணி எழுதி, மாட்டலைன்னா ஒண்ணும் ஆகாதுன்னு காட்டி, நர்சுகளை நம்ப வெச்சு, என்னைவிடப் பெரிய டாக்டர்களோட மல்லுக்கட்டி, அதுக்குத்தான் இந்த ரெண்டு வருஷம், நான் இல்லாத நாள்லயும் அது நடக்கணும் பாருங்க என்றாள். முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவளுக்கு இது புரியாதா? நான் ஒழுங்காக ஓட்டுவது ஒரு வேலை, நான் லீவு போட்ட நாளிலும் ஒருத்தரும் விட்டுப்போகாமல் எல்லாக் குழந்தையும் வீடு போய்ச் சேருகிற மாதிரி ஏற்பாடு செய்வது இன்னொரு வேலை. இதை நீ எனக்குச் சொல்லியிருப்பாய். நான்தான் பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்து வைத்திருந்தேன்.

இனி சொல்லப் போவதுதான் விஷயம். பட்டியல் எப்படிப் போட்டாய் என்றும் அவளைக் கேட்டேன். முதல் பேரு எங்கம்மா சொன்னதும்மா, வீட்டுக்குப் பக்கத்துலயே வேணும்னாங்க, அதுவே கிடைச்சிடுச்சு, அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம் என்றாள். உனக்கு என்றேன். கையிலிருந்த தாளை ஒரு தரம் புரட்டிவிட்டு, பரவாயில்லைம்மா, நல்லாத்தான் இருக்கு என்றாள். அவள் நிஜமாகவே நன்றாக இருக்கலாம், வேலையில் சூரப்புலி, அவளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தபோது எனக்கு உன் குரல்தான் கேட்டது. நம்ம ஊர் ஜனங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், பனியில் வண்டி புதைந்தாலும் பரவாயில்லை, பல்லைப் பிடுங்கினாலும் பரவாயில்லை, கல்யாண உடுப்பில் என்னை முதலில் பார்த்த உங்கப்பா சொன்னதும் அதேதான், அவர் வாயில் அதுதான் உச்சப் பாராட்டு. ஆனால் நீ அதைச் சொல்லும்போது பாராட்டு இல்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, எனக்கு இங்கே பரவாயில்லை மிஸ்ஸஸ் டிவைட் என்று என்னிடம் சொல்கிற குழந்தையின் முகத்தை மேலே இருக்கும் கண்ணாடியில் தினமும் பார்க்கிறவள் நான்.

அப்பா வந்து என்னை டிரக்கில் கூட்டிக்கொண்டு போனார், வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஹீட்டரைக் குறைத்தார். அப்புறம், நான் என்ன உடைஞ்ச சாமானா, பக்கத்துலயே ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்த, அவ பாக்கறது குழந்தைங்களை, எனக்கு வயசு அறுபத்தாறு, அவ பக்கத்துல இருந்து எனக்கு என்ன பண்ணப் போறா, பொறந்த குழந்தைக்குப் பாக்கற மாதிரி தொப்புளைப் பாப்பாளா என்றார். நான் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விமானத்தில் ஏறமாட்டேன் என்று முப்பது வருஷமாக அடம்பிடிக்கிற மனுஷன், மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், நம்ம ஊரில் நின்று சியாட்டில் போகிற ரயிலின் கால அட்டவணையை வாங்கிவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். ஒன்றரை நாள் பயணமாம், நடுவில் மலை பார்க்கலாமாம்.

ஆகவே கேள் கண்ணு, போன மாதம் நான் பேசினது தப்பு, அதற்காக அம்மாவை மன்னித்துவிடு. பட்டியலின் முதல் வரியில் எங்களை எழுதாதே. எந்த இடம் கிடைக்காவிட்டால் உனக்கு அழுகை வருமோ அதை எழுது. கிடைக்குமா கிடைக்காதா என்பது டிசம்பரில் தெரியட்டும், அது யாருக்கு எந்த ஆஸ்பத்திரி என்று பொருத்துகிற கம்ப்யூட்டர் பாடு, நீ ஆசைப்பட்டதையே கேட்கவில்லை என்றால் அது என் பாவம். மினியாப்பொலிஸ்தான் நிஜமாகவே உன் ஆசை என்றால் அதையும் உரக்கச் சொல், நம்புகிறேன். ஜெபக் குறிப்பிலிருந்து உன் பெயரை எடுத்து ஸ்தோத்திரக் குறிப்பில் போடச் சொல்லிவிட்டேன். ரிசல்ட்டே வரலையே, எதுக்கு ஸ்தோத்திரம் என்று வெர்னா கேட்டாள், இந்தப் பொண்ணு எனக்குப் பொறந்ததுக்கு என்றேன், அவளும் அழுதாள் நானும் அழுதேன், இன்னொரு ஹாட்டிஷ் வரும் போலிருக்கிறது.

லெஃப்சா இரண்டு டஜன் தனிப் பார்சலில் வருகிறது, வார்டு நர்சுகளுக்கும் கொடு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிச் சாப்பிடச் சொல். பனி பூட்ஸின் அடி தேய்ந்துவிட்டது என்றாயே, புதிது வாங்கு. கர்த்தர் உன் கையையும் அந்தக் கை தொடும் எல்லாக் குழந்தைகளையும் காக்கட்டும். புதன்கிழமை பூட்டினதும் போன் பண்ணு, சந்தோஷம் என்று சொல், பயமா இருக்கு என்று சொல், எது வேண்டுமானாலும் சொல், பரவாயில்லை என்று வாய் தவறி வந்தாலும் போனை வைத்துவிடுவேன். அப்பாவும் ஒரு வரி எழுதுவாராம், இடம் விட்டிருக்கிறேன்.

என்றும் உன் அம்மா,
லோர்னா

பிரிட்டா, ரயில் அட்டவணை பார்த்தேன். சியாட்டில் பரவாயில்லை.
அப்பா