லாபம், ரெண்டு, மூணு

மச்சான்,

பிரிஞ்சாங்கில் என் வீட்டுக்கு எதிரே புது ஹோட்டல் எழும்புகிறது. நேற்றுக் காலை மூடுபனி விலகுமுன்னே, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஒரு பக்கம் போய், ஏதோ யோசித்ததுபோல் நின்று, திரும்பி வந்தது. சந்தைக்குப் போக இறங்கினவன் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். வாய் தானாக எண்ணத் தொடங்கியது. "என்ன மாமா பாக்குறீங்க?" என்றார் கொத்தனார். பூமி எவ்வளவு இழுக்கிறதென்று பார்க்கிறேன் என்றேன். மனிதர் ஒரு மைல் தள்ளிப் போய்விட்டார்.

"கூடக்குறைய எவ்வளவு?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. சரி, ஆறடி.

என் புளுகையெல்லாம் அந்த ஒரு கேள்வியாலேயே நீ அடக்கினாய். நம் எஸ்டேட்டில் கணக்கெழுதிய கிராணியின் மகன் நீ. சிங்கப்பூருக்குப் போய் விஞ்ஞானம் படித்தவன். தொழிற்சாலை அடுப்புக்கு விறகு போட்ட நானோ, இந்த மலைத்தொடர் முழுவதற்கும் புளுகுச் சக்கரவர்த்தி. ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடினார், கல்லூரி மூடியது, ஒரு டிரங்குப் பெட்டியோடு நீ திரும்பி வந்தாய். கொழுந்து பறிக்க ஆளில்லாமல் தேயிலை காடாக வளர்ந்தது. அதற்குள் யானை தொலைந்துவிட்டது என்று நான் அறிவித்தபோது, "கூடக்குறைய எத்தனை யானை?" என்று முகம் மாறாமல் கேட்டாய்.

மற்றபடி சிரிக்கிற காலமில்லை. எல்லோரும் மரவள்ளி நட்டு மரவள்ளியே தின்றோம். சயாமில் ரயில் பாதை போட லயம் லயமாக, தோட்ட வரிசைவீடு ஒன்று விடாமல், ஆள் பிடித்தார்கள். போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. வானொலி வைத்திருந்து பிடிபட்டவன் கதை அன்றோடு முடிந்தது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் நீ என்னிடம் ஒரு தூக்குக்குண்டு கேட்டாய்.

பித்துப் பிடித்துவிட்டதா என்று கேட்டேன். "மணிய டோக்கியோ மணியா மாத்திட்டான். கொடிய மாத்திட்டான், காச மாத்திட்டான். பூமி இழுக்குற இந்த ஒண்ணையாவது மாத்த முடியலன்னு நான் கண்ணால பாக்கணும்டா," என்றாய். குண்டைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

இலை வாட்டும் மாடி காலியாகக் கிடந்தது. உத்தரத்தில் நூலைக் கட்டினாய். முடிச்சிலிருந்து குண்டின் நடுவயிறு வரை அளந்தாய். நான் குண்டை விட்டு ஐம்பது ஆட்டம் எண்ண வேண்டும். துரை மறந்துபோன பைக்கடிகாரத்தில் நீ நேரம் பார்ப்பாய். நூலின் நீளமும் ஆட்டத்தின் நேரமும் போதும், பூமியின் இழுப்பு வந்துவிடும் என்றாய். குண்டு கனமா லேசா என்பது கணக்கிலேயே வராதாம். இரண்டு முழ நூலை வைத்துக்கொண்டு உலகத்தையே நிறுக்கிறானே என்று எனக்குப் புல்லரித்தது. சத்தியமாக, புளுகில்லை.

நானும் என் உத்தியோகத்தைக் கம்பீரமாகச் செய்தேன். குண்டை விட்டதும், "லாபம்... ரெண்டு... மூணு..."

கரித்துண்டால் பலகைச் சுவரில் கணக்குப் போட்டாய். சென்டிமீட்டர் கணக்கில் புத்தகத்தில் இருப்பது தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. நமக்கு வந்ததோ ஆயிரத்துப் பதினெட்டு. மறுபடி செய்தோம். ஒரு நாள் கொஞ்சம் கூட வரும், ஒரு நாள் கொஞ்சம் குறைய வரும். பத்துக்குமேல் விலகாமல் அந்த ஆயிரத்துப் பதினெட்டையே சுற்றிச் சுற்றி வந்தது. மூடுபனியில் நூல் சுருங்கியதோ என்று வெயிலில் அளந்தாய். உத்தரம் ஆடுகிறதோ என்று என்னை ஏற்றிப் பார்த்தாய். "புத்தகத்துல உள்ளதையே எழுதிட்டுப் போலாம்லா," என்றேன்.

"அப்புறம் எதுக்குடா அளக்கணும்?" என்றாய்.

அன்று பிற்பகல் படியில் பூட்ஸ் சத்தம். ஒரு ஜப்பான் அதிகாரி, துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். தொங்குகிற நூலையும் சுவரில் எண்களையும் பார்த்தார்கள். ரகசிய வானொலிக்குக் கம்பி கட்டியிருக்கிறோம் என்று முடிவே செய்துவிட்டார்கள். அதிகாரி இங்கிலீஷில் விசாரித்தான். என் இங்கிலீஷோ, துரை திட்டுவதைப் புரிந்துகொள்ளும் அளவுதான். பேசியதெல்லாம் நீ பிறகு சொன்னது. பூமியின் இழுப்பை அளக்கிறோம் என்றாயாம். அதிகாரி நம்பவில்லை. எவ்வளவு வந்தது, சொல் என்றானாம்.

புத்தக எண் உன் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நீயோ, "ஆயிரத்துப் பதினெட்டு, கூடக்குறைய பத்து," என்றாய். அவனும் அந்தப் பாடம் படித்தவன்போலும், அது தப்பு என்றான். தப்பென்று தெரியும், எங்கே தப்பு என்றுதான் இன்னும் தெரியவில்லை என்றாய். எனக்கு எண் புரியவில்லை. சிப்பாயின் விரல் துப்பாக்கியில் இருந்தது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அதிகாரி உன்னிடமிருந்து கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, என் கண்முன் செய்யுங்கள் என்றான். குண்டை நான் கையிலெடுத்தேன். விட்டேன். "லாபம்" என்றேன். குண்டு போய்த் திரும்பியது. "ரெண்டு" என்றேன். அதே நொடியில், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அவன் "இச்சி" என்றான். ஜப்பான் பாஷையில் அது ஒன்று.

நீ சிரித்துவிட்டாய் மச்சான். துப்பாக்கிக்கு முன்னால் நின்று வயிறு குலுங்கச் சிரித்தாய். "அடப்பாவி, ஆடாத ஆட்டத்துக்கு லாபம் போட்டுட்டியேடா!"

அரிசி அளந்தாலும் மரவள்ளிக் குச்சி எண்ணினாலும் முதல் எண்ணை லாபம் என்று சொல்லி வளர்ந்த வாய் இது. கையில் இருக்கும் முதல் படி லாபம்தான். ஆனால் கையை விட்ட குண்டு இன்னும் ஓர் ஆட்டமும் ஆடவில்லையே. ஐம்பது என்று நான் முழங்கியதெல்லாம் நாற்பத்தொன்பது. அந்த ஒரு லாபத்தால் பூமாதேவியையே கூடுதலாக இழுக்க வைத்திருந்தேன்.

கரியை எடுத்து அங்கேயே திருத்திப் போட்டாய். தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, கூடக்குறைய பத்து. அதிகாரி சுவர் அருகே போய்க் கணக்கை வரிவரியாகச் சரிபார்த்தான். ஒற்றன் என்றால் முதலிலேயே சரியான எண்ணைச் சொல்லியிருப்பான் என்று மட்டும் உன்னிடம் சொன்னானாம். சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். கடிகாரம் அவன் பைக்குள் போயிற்று. லாபம் அவனுக்கு.

இருவரும் பலகையில் உட்கார்ந்துவிட்டோம். நூல் மட்டும் இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஊரில் எதையெல்லாமோ மாற்றினவனுக்கும் அது அதே எண்ணைத்தான் சொல்லியிருந்தது. நீ அதைப் பார்த்தபடியே பேசினாய். "கூடக்குறையங்கிறது திரும்பத் திரும்ப அளந்தா சிறுசாகும்டா. லாபம் அப்படியில்ல. ஆயிரம் தடவ அளந்தாலும் கூடவே வரும். வேற ஒருத்தன் எண்ணினாத்தான் தெரியும்." மலைமேல் பூமியின் இழுப்பு ஒரு துளி குறைவாம். அந்தத் துளி நம் கூடக்குறையக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது, பிடிக்க நம்மிடம் கருவியில்லை என்றாய். தெரியாதது எந்த மூலையில் இருக்கிறதென்பது வரைக்கும் ஒருவனுக்குத் தெரியுமா என்று வாயடைத்துப்போனேன். என் வாழ்நாளில் வாயடைத்தது அப்போதுதான்.

திரிங்காப் மேட்டில் உன்னை மண்ணில் இறக்கினபோது கயிறு தூக்குக்குண்டு நூலாட்டம் நேராக நின்றது. அப்போதும் உன்னை இழுத்தது அதே பூமிதான், அதே அளவில்.

நேற்றுக் கொத்தனாரின் குண்டுக்கு ஒழுங்காகச் சுழி, அதாவது பூஜ்யம், என்று சொல்லித்தான் எண்ணத் தொடங்கினேன். உன் பேர் கெடாது. ஆனால் அந்தப் பூட்ஸ் சத்தம் படியிறங்கிப் போன பிறகு நமக்குக் கிடைத்த நாட்கள் இருக்கின்றனவே, அவற்றையும் சுழியில் தொடங்கு என்று நீ சொல்வாய். கேட்க மாட்டேன் மச்சான். அவற்றை மட்டும் லாபம் என்றுதான் தொடங்குவேன்.